நெஞ்சைத் தொட்டுப் பார்த்த நாட்கள்

2021 ஏப்ரல் 15ஆம் தேதி, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். கேமராக்களின் முன்னால் நின்று, மக்களும் பயமில்லாமல் வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். வடபழனியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கத்து முக்கியக் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது. 17ஆம் தேதி விடிவதற்குள் இறந்துவிட்டார். வயது 59.

அடுத்து வந்த நாட்கள் சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். போடாதவர்கள் தள்ளிப்போட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்கும் மாம்பலத்திலிருந்து அடையாறுக்கும் போன் போட்டு உறவினர்கள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: "உனக்கு ஏதாவது பண்ணுதா?" அப்படிக் கேட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது பண்ணத்தான் செய்தது. இடது தோளில் இறுக்கம், படபடப்பு, லேசான கிறுகிறுப்பு, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி.

கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாக ரத்தக்குழாயின் உட்சுவரில் சேர்ந்து, ஒரு நாள் அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதுதான் மாரடைப்பின் வழக்கமான கதை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. நெஞ்சில் கை வைத்தவர்கள் அவரவர் முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தார்கள்.

இந்த அத்தியாயம் அந்த "ஏதாவது பண்ணுது" என்பதைப் பற்றியது. அதை உணர்ந்தவர்களைக் கோழைகள் என்றோ, எல்லாம் மனப்பிராந்தி என்றோ சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. அப்படிச் சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கொரோனா தடுப்பூசிகளைச் சோதித்த 12 ஆய்வுகளின் விவரங்களைத் திரட்டி, 45,000 பேருக்கு மேற்பட்டவர்களின் அனுபவத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களில் ஒன்றில் வெளிவந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசியும் போடுவார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 35 சதவீதம் பேர், முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, அசதி போன்ற தொந்தரவுகள் வந்ததாகச் சொன்னார்கள். அதில் ஒரு பங்கு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வாரம் வந்திருக்கக்கூடிய சாதாரணத் தலைவலி. மற்றது எதிர்பார்ப்பின் வேலை. தடுப்பூசிக்குப் பக்கவிளைவே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. உண்மையான ஊசி போட்டவர்களிடம் காய்ச்சலும் கைவலியும் கூடுதலாகவே இருந்தன, மிக அரிதாகக் கடுமையான பாதிப்புகளும் நேர்ந்தன.

நான் இங்கே நிற்க விரும்புவது வெற்று ஊசி போட்டுக்கொண்டு தலை வலிக்கிறது என்று சொன்ன அந்த மனிதரிடம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தலை வலித்தது. வலி உண்மை, அது எதனால் வந்தது என்று அவர் நினைத்தாரோ அதுதான் தவறு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் நோய்ப் பயத்தின் பிடி பாதி தளர்ந்துவிடும்.

ஓயாத உடம்பு

ஆரோக்கியமான உடம்பு சும்மா இருப்பதில்லை. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் இரைச்சல், ரீங்காரம், ஊதல் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அறைக்குள் எந்த ஒலியும் இல்லை. வெளியே அமைதியானதும் உள்ளே எப்போதும் இருந்தது கேட்க ஆரம்பித்தது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார். டிரெட்மில்லில் ஓடியவர்களில் சிலருக்கு ஹெட்போன் வழியாகத் தெருச் சத்தத்தையும், வேறு சிலருக்கு அவர்களுடைய மூச்சுச் சத்தத்தையுமே கேட்கவைத்தார். வேலை ஒன்றுதான். ஆனால் தங்கள் மூச்சையே கேட்டுக்கொண்டு ஓடியவர்கள் கூடுதலாகக் களைத்ததாகச் சொன்னார்கள். கவனம் என்பது ஒரு அளவுக்குள் அடங்கியது. வெளியே இழுக்க ஏதாவது இருந்தால் உடம்பின் குரல் அமுங்கிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் மூட்டையோடு நெரிசலில் நகரும்போது யாருக்கும் தன் இதயம் துடிப்பது தெரிவதில்லை. அப்போது அது நிமிடத்துக்கு நூறுக்கு மேல் துடித்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்து, தலையணையில் காதை வைக்கும்போது எழுபது துடிப்பும் தனித்தனியாகக் கேட்கிறது.

அப்படிக் கேட்பவற்றில் எத்தனையோ வகை உண்டு. தூக்கம் கெட்டால் கண்ணிமை துடிக்கும். கெண்டைக்கால் தசை தானாகத் துள்ளும். தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் பள்ளத்தில் விழுந்தது போல உடம்பு தூக்கிப்போடும். கத்திரி வெயிலில் அலைந்து, தண்ணீர் போதாமல், உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சட்டென எழுந்தால் கண் இருட்டும். பெருங்குடல் இடது விலா எலும்புக்குக் கீழே வளையும் இடத்தில் வாயு தங்கினால் நெஞ்சின் இடப்பக்கம் பிடிக்கும். இளம் வயதினருக்கு மூச்சை இழுக்கும்போது, விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தி, சில நொடியிலோ சில நிமிடத்திலோ மறைந்துபோகும் வலி வருவதுண்டு. விலா எலும்புச் சந்துகளிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் வலியை மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இவை எல்லாருக்கும் வருகின்றன. சிலருக்கு மட்டும் ஏன் இவை செய்தியாகின்றன?

மூளை எழுதும் அறிக்கை

கையின் மேல் எறும்பு ஊர்வதைத் தோல் அப்படியே படம்பிடித்து மூளைக்கு அனுப்புகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது வேறு. நரம்புகள் கொண்டுவரும் தகவல் துண்டு துண்டானது, தெளிவில்லாதது. இதயம், நுரையீரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து வருவது இன்னும் மங்கலானது. 1906இல் சார்லஸ் ஷெரிங்டன் இந்த உள்ளுறுப்பு உணர்வுப் பாதைகளைத் தனி வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். இந்தத் தகவல்கள் சேரும் முக்கிய இடம் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா. பழைய அனுபவம், இப்போதைய மனநிலை, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றை அந்த மங்கலான தகவலோடு கலந்துதான் மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. நாம் உணர்வது அந்த முடிவை.

இதற்கு மிக அழுத்தமான சான்றைக் காட்டியவர் நம் ஊர்க்காரர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன்தான் அவர். அவருடைய தாத்தா, அரசியல் சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்.  1990களில் கலிபோர்னியாவில் ராமச்சந்திரன், கை வெட்டி எடுக்கப்பட்டவர்களைப் பரிசோதித்தார். இல்லாத கையில் அவர்களுக்கு வலி இருந்தது. இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கைக்குள் இறுக மடங்கி, பிரிக்க முடியாமல் வலித்தன. ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையைத் திறந்து மூடியபோது, இல்லாத கையும் திறப்பதைக் கண் பார்த்தது. சிலருக்கு இறுக்கம் தளர்ந்து வலி குறைந்தது. வலிக்கும் இடத்தில் உறுப்பே இல்லாதபோதும் வலி இருக்க முடியும்; கண்ணுக்குக் கிடைத்த புதுத் தகவலால் அது மாறவும் முடியும்.

விரலால் நாடி பிடித்துப் பார்த்து இதயத்தைக் கண்காணிப்பவர்களுக்கு இன்னொரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1935இல் தெரேஸ் ப்ராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இ.சி.ஜி. கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். பின்னாளில் சென்னைக்கு வந்து யோகம் கற்பித்த டி. கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் பரிசோதித்தவர்களில் ஒருவர். இதயத்தையே நிறுத்திக் காட்டுகிறார்கள் என்ற பேச்சு அதன் பிறகு உலகெங்கும் பரவியது. வெங்கர், பாக்சி என்ற இருவரும் டெல்லி எய்ம்ஸின் ஆனந்தும் சேர்ந்து கூடுதல் கருவிகளோடு இதைத் திரும்பச் சோதித்து 1961இல் வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, மணிக்கட்டில் நாடி மறைந்துபோகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் கேட்பதில்லை. ஆனால் இ.சி.ஜி. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இதயம் நிற்கவே இல்லை. நம் விரலுக்கு எட்டுவதும் இதயத்தில் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இரவு ஒரு மணி

மந்தைவெளியில் குடியிருக்கும் 38 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓஎம்ஆரில் ஐ.டி. வேலை. அன்று காபி நாலு தரம் ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. அமெரிக்காக்காரர்களோடு பேசி முடித்துப் படுக்கும்போது மணி ஒன்று. கூட வேலை பார்ப்பவரின் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி சாயங்காலம் வாட்ஸப்பில் வந்திருந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும். துடிப்பு நன்றாகத் தெரியும்.

ஒரு துடிப்பு தடுக்குகிறது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு தொம் என்று ஒரு பெரிய துடிப்பு.

நடந்தது இதுதான்: வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னதாக ஒரு துடிப்பு வந்துவிட்டது. இதயம் சரியாக நிரம்பவில்லை என்பதால் அது தெரியவே இல்லை. அதற்கடுத்து வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்பியதால் அடுத்த துடிப்பு பலமாக விழுந்தது. துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிப் பார்த்தால் ஆரோக்கியமான பலரிடம் இதைக் காணலாம். காபி, தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாம் இதைக் கூட்டும்.

ஆனால் அவருடைய மூளையிடம் சாயங்காலத்துச் செய்தி இருக்கிறது. அது கொடுக்கும் அர்த்தம்: இதுதான் ஆரம்பம். அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. துடிப்பு எழுபதிலிருந்து நூற்றுப்பத்துக்கு ஏறுகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. எழுந்து உட்கார்ந்து ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறார். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக. இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது. தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. தனித்துத் திரியும் கால்சியம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. கால்சியம் குறைந்த சூழலில் நரம்புகள் எளிதில் கிளர்ந்தெழும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, ஊசி குத்தல். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் கிறுகிறுப்பு. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்சிமீட்டரை அப்போது மாட்டினால் பெரும்பாலும் 98, 99 என்று காட்டும். மூச்சு முட்டுவதுபோல இருக்கும்போதே ஆக்ஸிஜன் நிறைவாக இருக்கும்.

கை மரத்துப்போவது மாரடைப்பின் அடையாளம் என்று எங்கோ படித்தது ஞாபகத்துக்கு வருகிறது. "இங்க பாரேன், பல்ஸ் எப்படி அடிக்குது பாரு" என்று மனைவியை எழுப்புகிறார். அவர் விரல் வைத்துப் பார்க்கிறார், அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கார் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். இ.சி.ஜி. நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். விடியும்போது வீடு. நிம்மதி.

இதுவரை அவர் செய்ததில் தப்பே இல்லை. முதல் தடவை, காரணம் தெரியாத நெஞ்சுத் தொந்தரவுக்கு மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. பிரச்சினை நாலாம் நாள் வருகிறது. அந்த இ.சி.ஜி. எடுத்தபோது துடிப்பு தடுக்கவில்லையே, எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள் என்ற சந்தேகம் எழும்போது.

நார்மல் என்ற காகிதம்

தீவிர நோய்க்கு வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கருதும் நோயாளிகளுக்குப் பரிசோதனை எடுத்தால் அவர்களுடைய கவலை குறைகிறதா? ரோல்ஃப், பர்ட்டன் என்ற இருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 14 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டார்கள். எண்டோஸ்கோபி, முதுகுத்தண்டு எக்ஸ்ரே, தலை ஸ்கேன், இதயப் பரிசோதனை என்று பலதும் அதில் இருந்தன. நார்மல் என்று வந்த முடிவு, நோயைப் பற்றிய கவலையையோ அறிகுறிகளையோ நீண்ட நாளைக்குக் குறைக்கவில்லை.

ஏன் குறைவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வாசலில் கட்டியிருக்கும் நாயை நினைத்துக்கொள்ளலாம். தபால்காரரைக் கண்டால் குரைக்கிறது. அவர் தபாலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் நம்புகிறது. நாளைக்கும் குரைக்கும். பத்து வருஷம் ஆனாலும், குரைக்காமல் இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார் என்பதை அது தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. நாடி பார்ப்பதும், கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்ப்பதும், கூகுளில் தேடுவதும், "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பதும் அந்தக் குரைப்புதான். ஒவ்வொரு முறையும் பயம் தணிகிறது. தணித்தது அந்தச் செயல்தான் என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1986இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள்: திரும்பத் திரும்பத் தேடும் ஆறுதல்தான் நோய்ப் பயத்துக்குத் தீனி.

தொட்டுப் பார்ப்பதே புது அறிகுறியை உண்டாக்குவதும் உண்டு. கழுத்தில் நெறிகட்டியை நாளைக்கு இருபது தரம் அமுக்கினால் அந்த இடம் வலிக்கத் தொடங்கும். தொண்டையில் அடைப்பு இருக்கிறதா என்று எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்த்தால், விழுங்க எச்சில் இல்லாமல் அடைப்பு கூடும்.

தி.நகரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் லேப்களின் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பரிசோதனைக்கு 'இயல்பு அளவு' என்று அச்சிடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. அதாவது நோயே இல்லாத 100 பேரில் 5 பேருக்கு அந்த எண் எல்லைக்கு வெளியே இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்கு எடுத்தால், ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எழுபது பரிசோதனை என்று விளம்பரம் செய்தால் கணக்கை நீங்களே நீட்டிக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை வயதுக்கேற்ப மருத்துவர் சொல்லி எடுப்பதில் பயன் உண்டு. அதை எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. பயத்தைப் போக்கிக்கொள்ள பேக்கேஜ் எடுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த பயத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

வாய்வுதான் என்று சொல்லும் வீடு

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இந்த அத்தியாயம் ஆளைக் கொல்லும். நம் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53. மற்ற பகுதிகளில் 58.8. சர்க்கரை நோய் மிகுந்த ஊர் இது. ஒரே குடும்பத்தில் மகன் இரவெல்லாம் நாடி பிடித்துக்கொண்டிருப்பான். அப்பாவோ நெஞ்சைப் பிசையும் வலியை வாய்வு என்று சொல்லி, சோடா குடித்துவிட்டு, இஞ்சிச் சாறு வாங்கிக் குடித்துவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்திருப்பார். மருத்துவமனைக்கு ஓட வேண்டியவர் அவர்தான். என் கண்ணுக்கு இந்த இரண்டாவது தவறு முதல் தவறைவிடக் கொடியது.

ஆகவே சில அறிகுறிகளுக்கு யோசனையே கூடாது. நெஞ்சின் நடுவே பாரம் வைத்தது போல் அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது, அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுவது, கூடவே குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது. நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சு இறுக்கம். வேலை செய்யும்போதே மயங்கி விழுவது. ஒரு பக்கக் கை கால் திடீரென்று துவளுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவோ மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ வரலாம். இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். பக்கவாதத்தில் உறைவைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், வளரும் கட்டி, விடாத காய்ச்சல் இவற்றுக்கு அவசர ஊர்தி வேண்டாம். அந்த வாரமே மருத்துவர் வேண்டும்.

இந்த எல்லைக்கு வெளியே, ஏற்கெனவே ஒரு தடவை சரியாகப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று ஆன பிறகும், அதே உணர்வு வந்து அதே பயத்தைக் கிளப்பினால் என்ன செய்வது?

முதலாவது, ஒரே மருத்துவர். இதயத்துக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைபவர்களை இந்த நகரத்தில் ஏராளமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நிபுணரும் தன் உறுப்பில் கோளாறு இல்லை என்று சொல்லி அனுப்புகிறார். முழு ஆளையும் அறிந்தவர் யாரும் இல்லை. 1958இல் மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி தொடங்கி, அடையாறை அடுத்த தரமணியில் இன்றும் நடக்கும் வி.எச்.எஸ். மருத்துவமனையின் மூல எண்ணமே, வருமானத்துக்கேற்ற கட்டணத்தில் குடும்பங்களை நோய் வருமுன்பே தொடர்ந்து கவனிப்பது என்பதுதான். குடும்ப மருத்துவர் என்ற ஏற்பாடு நம் கண்ணெதிரே மறைந்துவருவது நோய்ப் பயம் பெருகியதற்கு ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் வழக்கமான துடிப்பை, உங்கள் அப்பாவின் வரலாற்றை, போன வருஷம் எதற்கு வந்தீர்கள் என்பதை அறிந்த ஒருவர் வேண்டும். பயம் வந்தபோதெல்லாம் ஓடாமல், ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று தேதி குறித்துக்கொண்டு அவரைப் பார்ப்பது பலன் தருகிறது.

இரண்டாவது, குரைப்பை நிறுத்துவது. ஒரே நாளில் முடியாது. நாடி பார்க்கத் தோன்றினால் அரை மணி நேரம் தள்ளிப்போடலாம். அந்த அரை மணியில் பெரும்பாலும் படபடப்பு தானாகவே இறங்கும். தான் எதுவும் செய்யாமலே அது இறங்கியதை மூளை முதல்முறையாகப் பார்க்கும். அந்தப் பாடம் எந்த ஸ்கேனிலும் கிடைக்காது. தூங்கும்போது ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி அடுத்த அறையில் வைக்கலாம். அறிகுறியைத் தேடுபொறியில் தட்டுவதை அடியோடு விடுவது நல்லது: தலைவலி என்று தேடுபவர்கள் மூளைக்கட்டியில் போய் முடிவதை மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2009இலேயே காட்டிவிட்டார்கள்.

மூன்றாவது சற்றுத் துணிச்சலானது. பயமுறுத்தும் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பது. இதயம் படபடப்பதற்குப் பயந்து மாடிப்படி ஏறுவதையே விட்டவர்கள் உண்டு. மருத்துவர் இதயம் நலம் என்று சொன்ன பிறகு, அதே படியை ஏறி, துடிப்பு ஏறுவதையும் தானாக இறங்குவதையும் கவனிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. நாகேஸ்வர ராவ் பூங்காவில் வேகமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, நாடியைத் தொடாமல் பெஞ்சில் உட்காருவதும் இதே பயிற்சிதான்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. "உனக்கு ஒண்ணும் இல்லை" என்று நாற்பதாவது முறையாகச் சொல்வதும், "எல்லாம் உன் மனப்பிராந்தி" என்று எரிந்து விழுவதும் ஒரே அளவுக்குப் பயனற்றவை. முதலாவது தீனி, இரண்டாவது அவமானம். "உனக்குப் படபடன்னு இருக்குன்னு தெரியுது. டாக்டர் சொன்ன மாதிரி கொஞ்ச நேரம் பார்ப்போம், நான் பக்கத்திலதான் இருக்கேன்" என்று சொல்லலாம். அதில் உணர்வை மறுப்பதும் இல்லை, பயத்தை ஒப்புக்கொள்வதும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே போனால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும். இந்த இடத்தில் சென்னையில் ஒரு பழைய தடை குறுக்கே நிற்கிறது. 1794 முதல் இயங்கிவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்து, நாலு இதய மருத்துவர்களுக்குப் பணம் கட்டுபவர்கள் ஒரு மனநல மருத்துவரின் வாசலை மிதிக்க மாட்டார்கள். அந்த நிறுவனத்தின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கி, இந்த வெட்கத்தைப் போக்கப் பாடுபட்டார். வெட்கம் இன்னும் போகவில்லை. அதன் விலை பெரிது. கடுமையான நோய்ப் பயம் என்று மருத்துவமனைகளில் பதிவான 4,100க்கு மேற்பட்ட ஸ்வீடன் நாட்டினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. மற்றவர்களைவிட அவர்களுடைய இறப்பு விகிதம் 84 சதவீதம் கூடுதல். தற்கொலை ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. சாவுக்குப் பயந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். அவர்களைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. மனம் அந்த எல்லையை நெருங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, கட்டணமில்லாமல் பேசலாம்.

சிகிச்சை பலிக்கிறது என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. பிரிட்டனில் பீட்டர் டைரரின் குழு ஐந்து பொது மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. இதயம், வயிறு, நுரையீரல், நரம்பு, ஹார்மோன் பிரிவுகளில் காத்திருந்த நோயாளிகளிலிருந்து கடுமையான நோய்ப் பயம் கொண்ட 444 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு, மேலே சொன்ன வகையிலான சிந்தனை நடத்தைப் பயிற்சியை ஐந்து முதல் பத்து அமர்வுகளில் கொடுத்தார்கள். பயம் குறைந்தது, பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, இதற்கென்று புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் மிக நல்ல பலனைக் காட்டியவர்கள் செவிலியர்கள்.

இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. நம்மிடம் மனநல மருத்துவர்கள் போதாது, ஆனால் செவிலியர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்களும் செவிலியர்களும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். "நெஞ்சுல ஏதோ பண்ணுதும்மா" என்ற பேச்சை முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். அந்த அப்பாவை உடனே 108இல் ஏற்றவும், அந்த மகனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவும் அவர்களுக்குக் கற்றுத்தர முடியும். அந்தப் பயிற்சிக்குத் தேவையான பாடநூல் ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது. தமிழில், நம் வீடுகளில் பேசும் பேச்சில், யாராவது எழுதித் தர வேண்டும்.